யாரும் கண்விழிக்காத தீவு

அந்தத் தீவில் படுத்துத் தூங்கியவர் எவரும் அங்கே கண்விழித்ததில்லை. அவரவர் வீட்டில்தான் விழித்தார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது இரண்டு கரையிலும் உள்ளவர்களின் எண்ணம். உப்புக் காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கிறது, அங்கே கண்ணசந்தால் ஆள் வீடு போய்ச் சேர்கிறான், அவ்வளவுதான். தீவு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தால் அது கையைச் சுடுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். நடுவில் ஒரு பாறைத் திட்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் கொடுத்து வளைந்துபோன ஒரு மரம், முழங்கால் உயரத்துக்கு முள், மற்றதெல்லாம் பறவை எச்சம். குடிக்கத் தண்ணீர் கிடையாது. காற்று மட்டும் ஒரு நிமிஷம் ஓயாது. அங்கே போய் நின்றால் போட்டிருக்கும் சட்டைகூட உடம்பில் இருக்கப் பிடிக்காமல் துடிக்கும். போனவர்கள் எல்லோரும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்களைப் போலக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பத்தில் மீன்பிடிக்கிறவர்கள் இதை ஒரு வசதி என்றுதான் நினைத்தார்கள். துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்தவன் படகைத் தீவில் இழுத்துப் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டால் வீட்டில் கிடப்பான். ஆனால் ஆள்தான் வருவான், படகு வராது. அதை எடுக்க இன்னொருவன் கையைக் காலைப் பிடித்து, அவன் படகில் ஏறி, மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டும். ஒருவன் கெட்டிக்காரத்தனமாகப் படகைக் கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொண்டு தூங்கினான். விழித்தபோது இடுப்பில் கயிறு இருந்தது. இன்னொருவன் பிடித்த மீனை மடியில் அணைத்துக்கொண்டு தூங்கினான். மீன் பத்திரமாக வந்துவிட்டது, அவன் மனைவிதான் படுக்கையை வெயிலில் போட்டுவிட்டு அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மடியில் இருப்பது வரும், கயிற்றில் இருப்பது வராது என்ற விதி இப்படித்தான் தெரியவந்தது.

எது வீடு என்பதைத் தீவே முடிவு செய்தது, ஆளைக் கேட்கவில்லை. கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்ற கயிற்று வியாபாரி ஒருவன், மழைக்கு அங்கே ஒதுங்கிக் கண்ணயர்ந்து, மூன்று தெரு தள்ளி சோடாக் கடைக்காரியின் கட்டிலில் விழித்தான். தீவு வழி தவறிவிட்டது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். 'அதுக்கு வழி நல்லாத் தெரியும்' என்று சொல்லிவிட்டு, மனைவி அவன் துணிமணியை மூட்டை கட்டி சோடாக் கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு கல்யாணமான ஆண்கள் தீவில் இறங்கினால் உட்காரக்கூட மாட்டார்கள். மாப்பிள்ளையைத் தீவில் ஒரு தடவை படுக்கப் போட்டுப் பார்த்தீர்களா என்று பெண் வீட்டாரைச் சீண்டுவது கரையில் வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

பிறகு கோடு வந்தது. வரைபடத்தில் அந்தக் கோட்டைப் போட்டவர் கடலைப் பார்த்தவரில்லை. அவர் பென்சில் முனை மழுங்கியிருந்ததால் தீவு முழுசாகக் கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. அடியில் இருப்பது யாருக்கு என்று எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை இக்கரை, அக்கரை என்றிருந்தவை இரண்டு தேசங்களாயின. ஒரு வாரம் அவகாசம் கொடுத்துக் கடலை மூடுவதாக அறிவித்தார்கள். கடலுக்கு ஏது கதவு என்று சிரித்தவர்கள், முதல் ரோந்துப் படகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அக்கரையில் பெண் கொடுத்தவர்கள் கரையில் நின்று கையை ஆட்டினார்கள். அந்தத் தூரத்துக்கு யார் கை என்று தெரியாது. யாரோ ஆட்டுகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

குடியிருப்பவனுக்கே நிலம் என்று எங்கோ ஒரு சட்டம் இருந்ததாம். இரண்டு அரசும் போட்டி போட்டுக்கொண்டு அங்கே ஆளைக் குடிவைக்கப் பார்த்தன. முதலில் சிப்பாய்கள் போனார்கள். காவலில் கண்ணசந்த ஒருவன், ரயிலில் இரண்டு பகல் போனாலும் தீராத தூரத்தில், அம்மா வீட்டுச் சமையலறையில் துப்பாக்கியோடு விழித்தான். 'என்னடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?' என்று அம்மா கேட்டாள். 'தெரியலம்மா. ராணுவத்த விட்டு ஓடி வந்துட்டேன்னு நினைக்கிறேன்' என்றான். இப்படி ஓடிவந்தவர்கள் மேல் வழக்குப் போட்டுப் போட்டு ராணுவ நீதிபதிக்கே அலுத்துப்போனது. வீடு இருப்பவனை அனுப்பினால்தானே இந்தத் தொல்லை என்று, அனாதை விடுதியில் வளர்ந்த ஒருவனைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். அவனும் தீவில் விழிக்கவில்லை. ஒரு ரயில் நிலையத்தில், இரண்டாம் நடைமேடையின் கடைசிப் பெஞ்சில் விழித்தான். குழந்தையாக அவனை அந்தப் பெஞ்சில்தான் யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மேற்பார்வைக்குப் போன அதிகாரி ஒருவர் அலுவலக நாற்காலியில் விழித்தார். சேதி கேட்ட அவர் மனைவி மறுநாள் தலையணையை அலுவலகத்துக்கே கொடுத்தனுப்பினாள்.

கடைசியில் இரண்டு அரசும் களைத்துப்போய்க் கொடியோடு நிறுத்திக்கொண்டன. நம் ஆட்கள் போவார்கள், அவர்கள் கொடியைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு நம் கொடியை ஏற்றுவார்கள், ஓடி வந்துவிடுவார்கள். சில வாரம் கழித்து அவர்கள் வந்து அதையே செய்வார்கள். போகிறவர்கள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு கோஷ்டியிலும் கிள்ளுவதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் உண்டு. கிள்ளி என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். கொட்டாவி விட்டால் கையில், தலை சாய்ந்தால் தொடையில். அதிகாரி என்றும் பார்க்க மாட்டான். எத்தனை பேர் படகில் போனார்களோ அத்தனை பேர் திரும்ப வேண்டும் என்று இரண்டு கரையிலும் தலையை எண்ணினார்கள். எதிர்க்கரைக்காரரோடு பேசினால் ஜெயில்.

அந்தக் காற்றில் சாதாரணக் கொடி ஒரு வாரம் தாங்காது. ஓரம் நார் நாராகிக் கம்புதான் நிற்கும். ஆகவே கொடி தைக்கும் வேலை, முன்பு படகுகளுக்குப் பாய் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு வந்தது. இந்தக் கதை அந்த வீட்டைப் பற்றியதுதான். அம்மா போன பிறகு அங்கே இரண்டு மகள்கள் இருந்தார்கள். மூத்தவள் கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவைப் படுக்கையில் பார்த்துக்கொண்டவள். இளையவள் இடக்கைக்காரி, வாய்த்துடுக்கு. அக்கரையில் ஒரு மோட்டார் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போகத் தயாராக நின்றாள். இருந்தது ஒரே தையல் மிஷின். அக்கா, அம்மாவைக் கழுவித் துடைத்தது நான், மிஷின் எனக்கு என்றாள். தங்கை, அம்மா தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்தது நான், மிஷின் எனக்கு என்றாள். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதனால்தான் சண்டை தீரவில்லை. ஒரு விடியற்காலையில் தங்கை மிஷினின் தலையை மட்டும் திருகிக் கழற்றி, துணியில் சுற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மிதித்து ஓட்டும் இரும்புக் காலை அவளால் தூக்க முடியவில்லை. அது அக்காவிடம் தங்கிவிட்டது. தலை இல்லாத காலும் கால் இல்லாத தலையும் எதைத் தைக்கும்? அக்கா வாசப்படியில் நின்று, தெருவே கேட்கும்படி, 'இனிமே இந்த வாசப்படிய மிதிச்சேன்னு வச்சுக்கோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன்' என்று கத்தினாள். தங்கை திரும்பிப் பார்த்து, 'மிதிக்க மாட்டேன், போ' என்றாள். அந்த வாரம்தான் கடலை மூடினார்கள்.

அக்கா வேறு மிஷின் வாங்கவில்லை. வாங்கினால் தலை போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடியெல்லாம் கையாலேயே தைத்தாள். மிஷினின் காலை ஜன்னலோரம் வைத்து, வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். தங்கையைப் பற்றி யாராவது விசாரித்தால், எந்தத் தங்கை என்று கேட்பாள். கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பேசுவாரா என்று முகத்தைப் பார்ப்பாள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். தைத்துக்கொண்டிருப்பவள் எழுந்து வாசல் வரை போய், வந்த காரியம் மறந்ததுபோல் நின்றுவிட்டு வருவாள். தெருவில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று கிண்டல் செய்தார்கள்.

ஒருநாள், கொடிகளைக் கட்டிக் காக்கும் அரசாங்கச் சரக்கறைக்காரர் தைக்க அனுப்பிய கிழிந்த கொடிகளின் மூட்டையில், தவறுதலாக அவர்கள் கொடி ஒன்று வந்துவிட்டது. திருப்பி அனுப்புவதற்காக மடித்தவள் மூலையைப் பார்த்தாள். அந்த வீட்டுப் பெண்கள் பாயின் ஓரத்தை மடிப்பதற்கு முன் மூலைக்குள் சின்னதாக ஒரு முக்கோண ஒட்டுத்துணி வைப்பார்கள். அது இருந்தால் காற்று எவ்வளவு அடித்தாலும் மூலை பிரியாது. அம்மா சொல்லிக்கொடுத்தது, வேறு யாரும் செய்வதில்லை. அந்த மூலையில் ஒட்டு இருந்தது. தையல் எல்லாம் இடக்கைக்காரர் தைத்ததுபோல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, கொடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பகைவன் கொடியில் அழுததற்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை. யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு சரக்கறைக்காரரிடம் போனாள். பகைவன் கொடிதான், இருந்தாலும் நம்மிடம் கிழிசலாகக் கிடந்தால் நமக்கல்லவா அசிங்கம், எல்லாவற்றையும் தைத்து வைத்துவிடலாம் என்றாள். சரக்கறைக்காரர் நெஞ்சு விம்ம அதை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடமும் தேசத்தின் பெருந்தன்மை என்று அனுமதித்தது. அன்றிலிருந்து அக்கரைக் கொடி ஒவ்வொன்றும் அக்காவின் மடிக்கு வந்தது. தங்கையின் வருஷங்களை அவள் தையலில் பார்த்தாள். ஒரு கொடியில் தையல் நெருக்கமாக, சந்தோஷமாக இருக்கும். ஒன்றில் ஏனோதானோவென்று இருக்கும். காய்ச்சலாக இருக்குமோ என்று அக்கா இங்கே சாப்பிட மாட்டாள். ஒரு வருஷம் வந்த கொடி முழுவதும் ஓரம் கறுப்பு நூலில் தைத்திருந்தது. அக்கா அதை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு தான் தைத்துக்கொண்டிருந்த நம் கொடியின் மூலைக்குள் அம்மாவின் பழைய போர்வையிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டாக வைத்தாள். இந்தக் கொடியையும் அவர்கள் கழற்றி எடுத்துப் போவார்கள் அல்லவா? அவள் கைக்குப் போகுமோ போகாதோ. அடுத்து வந்த அக்கரைக் கொடியின் மூலையைப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டே வைக்காமல் வெறுமையாகத் தைத்திருந்தது. போர்வை போய்ச் சேர்ந்துவிட்டது, கழுதைக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று அக்கா புரிந்துகொண்டாள். அதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம். கோபத்தைக் காட்ட ஆள் உயிரோடு இருக்கிறாளே.

ஆனால் அதன் பிறகு அவளால் முன்புபோல இருக்க முடியவில்லை. வாசப்படியில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதைத் தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், தான் கண்ணை மூடுவதற்குள் அது நடக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு அரசும் தீவைச் சேர்ந்து அளப்பது என்று ஒப்புக்கொண்டன. ஒரே நாளில் இரண்டு கோஷ்டியும் போகும், இரண்டு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். எல்லாம் பேசி முடித்த பிறகு கொடியின் அளவில் தகராறு வந்தது. அவர்கள் கொடி பெரிதாக இருந்துவிடுமோ என்று இவர்கள் பயந்தார்கள். இவர்கள் பயந்ததைக் கேட்டு அவர்கள் பெரிதாகத் தைக்கச் சொன்னார்கள். கடைசியில், இரு தரப்பும் தையற்காரரைக் கூட்டிவருவது, தீவிலேயே கொடியோடு கொடியை வைத்துச் சமமாக வெட்டித் தைத்துக்கொள்வது என்று கையெழுத்தானது. சரக்கறைக்காரர் வந்து கிளம்பச் சொன்னபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவள் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் வந்து இழுத்தாள்.

தீவில் நடு மத்தியானம். வெயிலில் பாறை கொதித்தது. இரண்டு தரப்பு அதிகாரிகளும் நாடாவைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பாறைத் திட்டின்மேல் இரண்டு கொடியையும் விரித்து, இந்தப் பக்கம் அக்காவையும் அந்தப் பக்கம் தங்கையையும் உட்கார வைத்தார்கள். தங்கை பருத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. மடியில் துணி சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. மிஷின் கொண்டுவா என்று அவளுடைய அதிகாரி சொல்லியிருந்தார், அவள் தலையைக் கொண்டுவந்திருந்தாள். கால் இல்லாமல் அது ஓடாது என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு கிள்ளிகளும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

'உங்க பக்கம் ரெண்டு விரல் அதிகம்' என்றாள் அக்கா.

'எங்களது சரியாத்தான் இருக்கு. உங்களதுதான் துவைச்சுச் சுருங்கிப்போச்சு' என்றாள் தங்கை.

இப்படியே கொஞ்ச நேரம் போனது. தையற்காரிகள் தேசப்பற்றோடு சண்டை போடுகிறார்கள் என்று இரண்டு அதிகாரிகளுக்கும் திருப்தி. அவர்கள் நாடாவோடு மறுபக்கம் போனார்கள். கொடி காற்றில் எழும்பிப் படபடத்தது, அந்தச் சத்தத்தில் பின்னால் நிற்கும் கிள்ளிகளுக்கு எதுவும் கேட்காது. இரண்டு பெண்களும் அதன்மேல் குனிந்து, ஊசியைப் பார்த்தபடியே பேசினார்கள்.

'வாரம் தவறாம எண்ணெய் போடறேன்' என்றாள் தங்கை, மடியைக் கண்ணால் காட்டி.

'ஓடாத மிஷினுக்கா?'

'நீ காலுக்குப் போடலையா?'

அக்கா நூலை இழுத்து முடிந்தாள். பிறகு, 'கறுப்பு நூலைப் பாத்தேன்டி' என்றாள்.

'நீ பாப்பேன்னுதான் போட்டேன். அவர் போய் நாலு வருஷம் ஆகுது. பிள்ளை குட்டி இல்ல. போர்வையைக் கண்டதும் ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் ஆத்திரம் வந்துருச்சு.'

'வீட்டுக்கு வந்துரு.'

'வாசப்படிய மிதிக்காதேன்னது யாரு?'

'கோவத்துல சொன்னது அது. தப்புதான். நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது.'

'கோவத்துல சொன்னதுதான் காதுல நிக்குது' என்றாள் தங்கை. ஆனால் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. மூன்று தடவை தவறியது. அக்கா கையை நீட்டி ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

படகில் கூட்டிப் போக வழியில்லை, தலையை எண்ணுவார்கள். வழி ஒன்றுதான். அதை அக்கா சொல்லாமலே தங்கைக்குத் தெரியும். அந்தக் கரைகளில் பிறந்த யாருக்கும் தெரியும். சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. இவள் இங்கே படுத்து, அக்கரையில் மெக்கானிக்கோடு வாழ்ந்த வீட்டில் விழித்துவிட்டால்? தீவு பொய் சொல்லாது. இவளுக்கு வீடு எது என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. தெரிந்துவிட்டால் அதோடு போயிற்று. அக்கா கடலைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். 'கொஞ்சம் படுத்துக்கறியா?' என்று கடைசியில் கேட்டாள்.

'எங்க முழிப்பேனோ' என்றாள் தங்கை. பிறகு, 'கட்டில் அந்த ஜன்னலோரந்தான் கெடக்கா?' என்று கேட்டாள்.

'அங்கயேதான்.'

அக்கா உரக்க, தைக்க வேண்டிய இடம் காற்றில் நிற்கவில்லை, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். இரண்டு கிள்ளிகளையும் கூப்பிட்டு இரண்டு எதிர் முனைகளில் நிறுத்தி, விறைப்பாகப் பிடிக்கச் சொன்னாள். விட்டால் கொடி கடலில் போய்விடும், அதற்கு ஜெயில் என்றும் சொல்லி வைத்தாள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்கள். கிள்ளுவதற்குக் கை மிச்சமில்லை. தங்கை கொடிகளுக்கு அடியில், உள்பக்கத் தையலைப் பார்ப்பவள்போல நுழைந்து, மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். வெகுநேரம் தூக்கம் வரவில்லை. துணிக்கு அடியில் அவள் புரள்வது தெரிந்தது. அக்கா காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த ஒரு தட்டைக் கல்லின்மேல் பாதத்தை வைத்து, முன்னும் பின்னும் மிதிக்கத் தொடங்கினாள். டக்கு டக்கு என்று அது பாறையில் இடித்தது. சிறு வயதில் அம்மா பாய் தைக்கும்போது அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பேரும் மிஷினுக்கடியில் தூங்குவார்கள். அக்கா தைத்துக்கொண்டே மிதித்தாள். கண் கலங்கித் தையல் கோணலாகப் போனது. அந்தக் கோணல் இன்றும் அந்தக் கொடியில் இருக்கிறது. துணிக்கு அடியில் புரள்வது நின்றது. கொஞ்ச நேரத்தில் கொடி மெதுவாகத் தாழ்ந்து பாறையோடு படிந்தது.

அதிகாரிகள் திரும்பி வந்து பார்த்தபோது கொடி இரண்டும் சமமாக இருந்தன, தையற்காரி ஒருத்தி குறைந்தாள். அவர்கள் தரப்பு கிள்ளிக்கு நாலு பேர் முன்னால் வசவு விழுந்தது. அவர்கள் அதிகாரி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. தூங்கிப்போயிருப்பாள், வீட்டில்தான் இருப்பாள், எங்கே போய்விடுவாள் என்றார். அக்காவும் அதையே நினைத்துக்கொண்டுதான் படகில் உட்கார்ந்திருந்தாள். எந்த வீட்டில்? படகு நகர்வதாகவே தெரியவில்லை. இறங்கி நின்று தலையை எண்ணக் கொடுத்துவிட்டு, ஓடுவதா நடப்பதா என்று தெரியாமல் இரண்டும் கெட்டானாகப் போனாள்.

வீட்டு வாசல் வரை வந்தவள் நிற்காமல் தாண்டிப் போய்விட்டாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். பூட்டு போட்டபடி இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று ஒரு மனசு சொன்னது. தீவுக்கு ஏது பூட்டு என்று இன்னொரு மனசு சொன்னது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தெருக்கோடிக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண், 'சாவியத் தொலைச்சுட்டியாக்கா?' என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, உள்ளே கட்டில் காலியாக இருந்தால் பார்த்துவிட்டு எப்படி உயிரோடு இருப்பது என்று நினைத்தபடி மூன்றாம் தடவையாக வாசலுக்கு வந்தாள். அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டாகத் தடுமாறி, பிறகு ஒரே சீராக, மிஷின் ஓடும் சத்தம்.

கதவைத் திறந்தபோது ஜன்னலோரம் தங்கை உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். தலையைக் காலின்மேல் பொருத்தியிருந்தாள். பழைய வார் நைந்துபோயிருந்ததால் தன் பாவாடை நாடாவை உருவி வாராகக் கட்டியிருந்தாள். தைப்பதற்கு எதுவும் கிடைக்காமல் தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தங்கை திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

'நான் ஒண்ணும் வாசப்படிய மிதிக்கல. நேரா கட்டில்லதான் வந்து எறங்கினேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.'

அக்கரைக்காரர்கள் அங்கே தங்கையின் வீட்டில் போய்ப் பார்த்தார்கள். பூட்டியிருந்தது. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு நம் அரசுக்குப் புகார் அனுப்பினார்கள். ஒரு விசாரணை அதிகாரி வந்து, அக்கரையிலிருந்து ஒருத்தி இந்த வீட்டுக்குள் நுழைந்ததைக் கண்டவர் உண்டா என்று தெருவில் வீடு வீடாகக் கேட்டார். தெரு முழுவதும் ஒரே குரலில், அந்த வாசப்படியை ஒருத்தியும் மிதிக்கவில்லை, கண்ணால் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. உள்ளே மிஷின் ஓடும் சத்தம் அதிகாரிக்கும் கேட்டது. அக்கா வெளியே பூட்டிவைத்திருந்த வீட்டில் மிஷின் ஓடுவது அவர் விசாரிக்க வந்த விஷயமில்லை என்பதால் அவர் அதைக் கேட்கவில்லை. தீவு யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவில் படபடத்துக்கொண்டிருக்கின்றன, இரண்டும் இப்போது ஒரே மிஷினில் தைக்கப்படுகின்றன. தைத்த அக்கரைக் கொடி எப்படியோ இங்கிருந்து போகிறது, யாரும் கேட்பதில்லை.

புகாரெல்லாம் அடங்கி, தங்கை வெளியே தலைகாட்டலாம் என்று ஆன பிறகுதான் அடுத்த தொல்லை வந்தது. அவள் வெளியே வர மறுத்தாள். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன், சொன்னால் சொன்னதுதான் என்றாள். தாண்டிக் குதிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அக்கா கெஞ்சினாள். 'மிதிச்சுத் தொலையேன்டி, நானே சொல்றேன்' என்று கத்தினாள். மூன்று நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் ஒரு காலையில் தச்சரைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு வாசப்படியைப் பெயர்த்து எடுக்கச் சொன்னாள். தங்கை உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தச்சர் கட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டதும், எதையும் மிதிக்காமல், தெருவுக்கு இறங்கி நடந்து போய்க் கடையில் நூல் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் வாசப்படி இல்லாத வீடு அது ஒன்றுதான். மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராக உள்ளே வருகிறது. ஒருத்தி தைக்க, ஒருத்தி இறைத்து ஊற்றுகிறாள்.